துளிகளால் நிரம்பிய கடல்: அரபு அகராதிக் கலையின் ஆயிரம் ஆண்டுகள்

குவைத் அரசு வெளியிட்ட 'தாஜுல் அரூஸ்' அகராதியின் பதிப்பு நாற்பது தொகுதிகளைக் கொண்டது. 1965-இல் முதல் தொகுதி வெளிவந்தது. இறுதித் தொகுதி 2001-இல் வெளிவந்தது. பதிப்பிக்க மட்டுமே முப்பத்தாறு ஆண்டுகள் தேவைப்பட்ட அந்நூலைத் தனியொரு மனிதர் பதினான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் எழுதி முடித்தார். அவர் இந்தியாவில் பிறந்து எகிப்தில் அடங்கப்பெற்ற ஸையித் முர்தளா ஸபீதீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 1174-இல் தொடங்கி 1188-இல் அப்பணியை அவர் நிறைவு செய்தார்.

இவ்வளவு பெரிய நூலை ஒருவர் எவ்வாறு எழுதினார் என்று வியப்பது இயல்பே. எனினும் அவ்வியப்பு பாதி உண்மையையே கண்டதாகும். அந்நூலுக்கான முதற் கல்லை நட்டவர் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ஓர் ஏழை அறிஞர். அவருக்கும் ஸபீதீ அவர்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. அவ்வாயிரம் ஆண்டுகளில் பாலைவனத்து ஆயர்களும், கண்பார்வையற்ற அறிஞர்களும், சிறைப்பட்ட பயணிகளும், நீதிபதிகளும், நகலெடுப்போரும் சிறுகச் சிறுகச் சேர்த்தவையே அந்நாற்பது தொகுதிகள்.

சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற கருத்துடைய நபிமொழியை நாம் வணக்க வழிபாடுகளோடு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். திருக்குர்ஆன் ஒரே தடவையில் இறங்காமல் இருபத்து மூன்று ஆண்டுகளில் படிப்படியாக இறங்கியதன் நோக்கத்தை அல்ஃபுர்கான் அத்தியாயம் எடுத்துரைப்பதையும் நாம் அறிவோம். இந்தப் படிப்படியான முறையை நம் முன்னோர் கல்வியிலும் கடைப்பிடித்தனர் என்பதற்கு அரபு அகராதிக் கலையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதன் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். அது நமக்கு விடுக்கும் கேள்வி ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் காண்போம்.

கிணற்றங்கரையில் ஒரு சொல்

அகராதி என்னும் எண்ணம் தோன்றுமுன்பே சொல்லைத் தேடும் வழக்கம் தோன்றிவிட்டது. திருக்குர்ஆனில் வரும் 'ஃபாத்திர்' என்ற சொல்லின் பொருள் தமக்கு முழுமையாகத் தெளிவாகாதிருந்ததாகவும், கிணறு ஒன்றின் உரிமை பற்றி வழக்காடி வந்த இரு கிராமத்து அரபிகளில் ஒருவர் அக்கிணற்றை முதலில் தோண்டத் தொடங்கியவர் தாமே என்பதற்கு அச்சொல்லின் வினையைப் பயன்படுத்தியபோதே அது தமக்கு விளங்கியதாகவும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக ஓர் அறிவிப்பு உண்டு. திருக்குர்ஆன் விரிவுரையாளர்களின் தலைவர் என்று போற்றப்படுபவர், வழக்காட வந்த சாமானியர் வாயிலிருந்து ஒரு சொல்லைக் கற்றுக்கொள்கிறார். அரபுச் சொற்கலை முழுவதற்கும் இந்நிகழ்ச்சியை முன்மாதிரி எனலாம்.

இஸ்லாம் அரபகத்தைக் கடந்து பரவியபோது, அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாத மக்கள் பெருகினர். நகரங்களில் மொழி கலந்தது. மறை மொழியின் பொருள் மங்கிவிடுமோ என்ற அச்சம் அறிஞர்களைப் பாலைவனம் நோக்கி அனுப்பிற்று. பஸராவின் அபூ அம்ரு இப்னுல் அலா (ரஹ்) அவர்கள் அரபிகளிடமிருந்து கேட்டெழுதிய ஏடுகள் வீட்டின் கூரையைத் தொடுமளவு நிறைந்திருந்தன என்றும், பிற்காலத்தில் வணக்கத்தில் மூழ்கியபோது அவற்றை அவரே எரித்துவிட்டார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சேர்ப்பது எவ்வளவு அரிதோ, இழப்பது அவ்வளவு எளிது.

அவருடைய மாணவர் அஸ்மஈ அவர்களின் முறை வேறு. அவர் ஒட்டகத்திற்கு ஒரு நூல், குதிரைக்கு ஒரு நூல், ஆட்டிற்கு ஒரு நூல், மனித உடலுறுப்புகளுக்கு ஒரு நூல், செடி கொடிகளுக்கு ஒரு நூல் எனச் சிறு சிறு ஏடுகளாக எழுதினார். அவருடைய சமகாலத்தவரான அபூ ஸைத் அல்அன்ஸாரீ மழைக்கென்று ஒரு நூலையும் பாலுக்கென்று ஒரு நூலையும் எழுதினார். ஒவ்வொன்றும் சில பக்கங்களே. ஆயினும் பின்வந்த பேரகராதிகள் அனைத்தும் இச்சிற்றேடுகளை உண்டே வளர்ந்தன.

இப்னு கல்லிகான் முதலியோர் பதிந்துள்ள ஒரு நிகழ்ச்சி இங்கு நினைவுகூரத்தக்கது. அமைச்சர் ஃபழ்ல் இப்னு ரபீஃ அவர்களின் அவையில், குதிரையைப் பற்றி ஐம்பது பாகங்கள் எழுதிய அபூ உபைதாவும் ஒரே பாகம் எழுதிய அஸ்மஈயும் இருந்தனர். குதிரை ஒன்று கொண்டுவரப்பட்டது. உறுப்பு உறுப்பாகத் தொட்டுப் பெயர் கூறுமாறு கேட்டபோது, தாம் கால்நடை மருத்துவர் அல்லர் என்றும், தாம் எழுதியவை அரபிகளிடம் கேட்டறிந்தவையே என்றும் அபூ உபைதா கூறிவிட்டார். அஸ்மஈ எழுந்து, குதிரையின் பிடரியைப் பற்றி, ஒவ்வோர் உறுப்பிலும் கை வைத்துப் பெயரையும் அது பற்றிய கவிதையையும் கூறி முடித்தார். குதிரை அவருக்கே பரிசாயிற்று. ஐம்பது பாகங்களைவிட ஒரு பாகம் கனமாக இருக்கக்கூடும் என்பதைப் பின்னால் நாம் எழுப்பவிருக்கும் கேள்விக்காக இங்கே மனத்தில் கொள்வோம்.

கலீலின் கணக்கு

சிதறிக் கிடந்த இத்துளிகளுக்கு ஒரு பாத்திரம் செய்தவர் கலீல் இப்னு அஹ்மது அல்ஃபராஹீதீ (ரஹ்). யாப்பிலக்கணமாகிய 'அரூள்' கலையைக் கண்டவரும் இவரே. எந்த மொழியிலாயினும் சொற்களைத் தொகுப்பவர், தாம் கேட்ட சொற்களை எழுதிக்கொண்டே போவார்; எல்லாவற்றையும் எழுதிவிட்டோமா என்பது அவருக்குத் தெரியாது. கலீல் இச்சிக்கலைத் தலைகீழாக அணுகினார். அரபு எழுத்துகள் 28. அவற்றை இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு நான்காக, ஐந்தைந்தாக, ஒரே எழுத்து மீண்டும் வாராமல் கோத்தால் எத்தனை சொற்கள் இயலும் என்று கணக்கிட்டார். அவர் பெயரால் வழங்கும் அக்கணக்கின்படி ஈரெழுத்தில் 756, மூவெழுத்தில் 19,656, நான்கெழுத்தில் 4,91,400, ஐந்தெழுத்தில் 1,17,93,600. ஆக மொத்தம் 1,23,05,412.

இயலக்கூடிய வடிவங்கள் எல்லாவற்றையும் முதலில் வகுத்துக்கொண்டு, அவற்றுள் அரபிகள் வழங்கியது எது, வழங்காமல் விட்டது எது என்று அவர் பிரித்தார். வழங்கியதை 'முஸ்தஃமல்' என்றும் வழங்காததை 'முஹ்மல்' என்றும் குறித்தார். ஐன், லாம், மீம் என்னும் மூன்றெழுத்துகள் ஆறு வகையாக மாறி நிற்கும். அறிவைக் குறிக்கும் 'இல்ம்', செயலைக் குறிக்கும் 'அமல்', ஒளிர்தலைக் குறிக்கும் 'லமஅ' ஆகியவை அவரது நூலில் ஒரே குடும்பமாக ஓரிடத்தில் அமைகின்றன. எழுத்துகளையும் அலிஃப், பா என்ற வரிசையில் வைக்காமல், தொண்டையின் அடியில் தொடங்கி உதடு வரை அவை பிறக்கும் இடங்களின் முறைப்படி வைத்தார். 'ஐன்' எழுத்தில் தொடங்கியதால் நூலுக்குக் 'கிதாபுல் ஐன்' என்று பெயராயிற்று.

இதனால் விளைந்த நன்மை பெரிது. இனிச் சேர்ப்பவர் எவராயினும் அவருக்கு வெற்றிடம் எது என்று தெரியும். ஓராயிரம் ஆண்டுகள் பலர் கூடிக் கட்டிய மாளிகைக்கு இவர் வரைந்தது வரைபடம். அவரே அதனை முழுமையாக எழுதி முடித்தாரா என்பதில் அன்றே கருத்து வேறுபாடு இருந்தது. குராஸானைச் சேர்ந்த அவருடைய மாணவர் லைஸ் என்பாரின் கை அதில் பெருமளவு உண்டு என்பர். கலீல் மறைந்து ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 248-இல், குராஸானிலிருந்து ஒரு நூல் வணிகர் நாற்பத்தெட்டு பாகங்களாக அதனைப் பஸராவுக்குக் கொண்டுவந்து ஐம்பது தீனாருக்கு விற்றார் என்று இப்னு நதீம் தமது 'ஃபிஹ்ரிஸ்த்' நூலில் எழுதுகிறார். ஆக, முதல் அகராதியே ஆசிரியரும் மாணவரும் வணிகரும் கூடிக் காத்த சொத்தாகும்.

சிறையில் விளைந்த செல்வம்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் ஹிராத் நகரைச் சேர்ந்த அபூ மன்ஸூர் அல்அஸ்ஹரீ (ரஹ்) ஹஜ்ஜுக்குச் சென்றார். ஹிஜ்ரி 312-இல் (கி.பி. 924) கராமித்தாக்கள் ஹஜ் பயணிகளின் கூட்டத்தைத் தாக்கினர். சிறைப்பட்டோரில் அவரும் ஒருவர். பெரும்பாலும் ஹவாஸின் குலத்தைச் சேர்ந்த நாட்டுப்புற அரபிகளின் பங்கில் அவர் விழுந்தார். அவர்கள் மழையைத் தேடிப் பெயர்ந்துகொண்டே இருப்பவர்கள். குளிர்காலத்தில் தஹ்னா, வசந்தத்தில் ஸம்மான், கோடையில் ஸித்தாரைன் என்று அவர்களோடு அவரும் அலைந்தார். நகரத்துக் கலப்பு தொடாத அவர்களது பேச்சைக் காதாரக் கேட்டார். அந்தச் சிறைவாசத்தில் தமக்குக் கிடைத்த சொற்களைப் பின்னர் தம் அகராதியில் உரிய இடங்களில் வைத்தார்.

அவ்வகராதியின் பெயர் 'தஹ்தீபுல் லுஃகா'. மொழியைச் செப்பனிடுதல் என்பது பொருள். சேர்ப்பதற்கு நிகராகக் களைவதும் அவர் நோக்கமாயிற்று. அன்றைய அரபு எழுத்தில் புள்ளிகள் விடுபடுவது உண்டு. பா, தா, ஸா மூன்றும் புள்ளியின்றி ஒன்றுபோல் தோன்றும். ஏட்டில் மட்டும் படித்தவர் ஒரு சொல்லை வேறொன்றாகப் படித்து, இல்லாத சொல்லைப் பிறப்பித்துவிடுவார். இதனைத் 'தஸ்ஹீஃப்' என்பர். கேட்டறிந்தவரே அப்பிழையைக் கண்டு களைய இயலும்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபாராப் நகரத்து இஸ்மாயீல் இப்னு ஹம்மாத் அல்ஜவ்ஹரீ (ரஹ்) இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஹிஜாஸில் அரபிக் குலங்களிடையே பயணம் செய்து, ஐயத்திற்கு இடமற்ற சொற்களை மட்டுமே கொள்வது என்று உறுதி பூண்டார். அவரது 'ஸிஹாஹ்' என்ற பெயரே அதைச் சொல்லும். ஹதீஸ் கலையில் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் செய்ததை அவர் சொற்கலையில் செய்தார் என்பது அறிஞர் வழக்கு. சொற்களை வேரின் கடைசி எழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தும் அவரது முறை பல நூற்றாண்டுகள் நிலைத்தது. அம்முறையும் வானிலிருந்து விழுந்ததன்று. அவருடைய தாய்மாமன் இஸ்ஹாக் அல்ஃபாராபீ எழுதிய 'தீவானுல் அதப்' நூலில் அதன் வித்து உண்டு. ஜவ்ஹரீ தம் நூலின் ஒரு பகுதியை வரைவாகவே விட்டு மறைந்தார் என்றும், அவருடைய மாணவர் ஒருவர் அதனைச் செம்மைப்படி எடுத்தார் என்றும் வரலாற்றில் காண்கிறோம்.

மேற்கே அந்தலூஸில், முர்ஸியா நகரத்து இப்னு ஸீதா (ரஹ்) பார்வையற்றவராயிருந்தும் இரு பேரகராதிகளை எழுதினார். ஒன்று கலீலின் எழுத்து முறையைப் பின்பற்றிய 'அல்முஹ்கம்'. மற்றது பொருள் வாரியாக அமைந்த 'அல்முகஸ்ஸஸ்'. பின்னதில் அஸ்மஈ போன்றோரின் ஒட்டகமும் குதிரையும் மழையும் மீண்டும் தலைகாட்டுகின்றன. சிற்றேடுகள் இவ்வாறு பேரேட்டில் வாழ்வு பெற்றன.

ஐந்து ஆறுகள்

ஹிஜ்ரி 656-இல் (கி.பி. 1258) பக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்தது. அப்போது எகிப்தில் இருபத்தாறு வயதுடையவராக இருந்த இப்னு மன்ளூர் (ரஹ்), பின்னர் தராபுலுஸ் நகரின் காழியாகவும் பணியாற்றியவர், ஹிஜ்ரி 689-இல் (கி.பி. 1290) 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியை முடித்தார். ஐந்து நூல்களை அவர் ஒன்றாக்கினார்: அஸ்ஹரீயின் தஹ்தீப், இப்னு ஸீதாவின் முஹ்கம், ஜவ்ஹரீயின் ஸிஹாஹ், அதற்கு இப்னு பர்ரீ எழுதிய திருத்தக் குறிப்புகள், இப்னுல் அஸீரின் 'நிஹாயா'. ஹிராத்தும் முர்ஸியாவும், கிழக்கும் மேற்கும், ஒரே பக்கத்தில் சந்தித்தன.

அவரது முன்னுரை நம் கவனத்திற்குரியது. தாம் ஊர் ஊராகச் சென்று அரபிகளிடம் கேட்டதாகவோ, புதிதாக எதையும் கண்டதாகவோ அவர் உரிமை கொண்டாடவில்லை. சிதறியதைச் சேர்த்ததே தமது பணி என்றும், நூலில் உள்ள நிறைக்கும் குறைக்கும் மூல ஆசிரியர்களே உரியவர்கள் என்றும், தாம் எடுத்ததை மாற்றாமல் தந்திருப்பதாகவும் வெளிப்படையாகக் கூறுகிறார். தம் காலத்து மக்கள் பிற மொழிகளைப் பேசுவதில் பெருமை கொண்டு அரபியைப் புறக்கணித்த நிலையில், கேலி செய்யும் மக்களிடையே நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டியதுபோல் இதனைச் செய்ததாக அவர் குறிப்பிடுகிறார்.

இக்காலத்தினர் சிலர் இதனை வெறும் தொகுப்பு என்று குறைத்துப் பேசுவர். அது சரியன்று. எவரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்லும் நேர்மையே நம் கல்வி மரபின் முதுகெலும்பு. ஹதீஸில் 'ஸனது' எதுவோ, அகராதியில் இப்பெயர் கூறல் அதுவாகும். பெயர் சொல்லாமல் சேர்ந்தால் ஒரு பிழை எங்கே நுழைந்தது என்று எவராலும் கண்டறிய முடியாது.

இந்திய மண்ணின் பங்கு

இக்கடலில் கலந்த இந்திய ஆறுகள் இரண்டு. முதலாமவர் ஹிஜ்ரி 577-இல் (கி.பி. 1181) லாகூரில் பிறந்த இமாம் ஹஸன் ஸகானீ (ரஹ்). இந்திய மதரஸாக்களில் நெடுங்காலம் ஓதப்பட்ட 'மஷாரிகுல் அன்வார்' என்ற ஹதீஸ் தொகுப்பின் ஆசிரியரும் இவரே. அப்பாஸிய கலீஃபாவின் தூதராக தில்லிக்கு வந்தவர். ஸிஹாஹில் விடுபட்ட சொற்களைத் தேடித் 'தக்மிலா' என்ற பெரு நூலை எழுதினார். பின்னர் 'உபாப்' என்ற பேரகராதியைத் தொடங்கி, மீம் எழுத்தில் 'பகம்' என்னும் வேர் வரை வந்து ஹிஜ்ரி 650-இல் பக்தாதில் காலமானார். அவ்வேரின் பொருள் ஊமையாதல். எழுதுகோல் அங்கேயே வாய் மூடியதைப் பின்வந்தோர் உருக்கத்தோடு குறிப்பிடுவர்.

முடியாத அந்நூல் வீணாகவில்லை. ஷீராஸுக்கு அண்மையில் பிறந்த மஜ்துத்தீன் ஃபீரூஸாபாதீ (ரஹ்) உபாபையும் முஹ்கமையும் ஒன்றாக்கிப் பற்பல தொகுதிகளில் ஓர் அகராதி எழுதத் திட்டமிட்டார். அதன் பருமனைக் கண்டு, சான்றுக் கவிதைகளை நீக்கிச் சுருக்கி எழுதியதே 'அல்காமூஸுல் முஹீத்'. 'காமூஸ்' என்றால் கடல். அந்நூலின் புகழால் கடலின் பெயரே அகராதிக்குப் பொதுப்பெயராயிற்று. மலாய் மொழியில் இன்றும் அகராதியைக் 'கமுஸ்' என்றே வழங்குகின்றனர்.

இரண்டாமவர் பில்கிராமில் 1732-இல் பிறந்த முர்தளா ஸபீதீ. இந்தியாவில் கல்வி தொடங்கி, யமனின் ஸபீத் நகரில் தங்கிப் பயின்று, கெய்ரோவில் குடியேறினார். காமூஸுக்கு உரையாக அவர் எழுதிய தாஜுல் அரூஸில், ஃபீரூஸாபாதீ சுருக்கத்திற்காக நீக்கிய சான்றுகளை மீண்டும் சேர்த்தார். லிஸானில் இருந்தும், ஸகானீயில் இருந்தும், நூற்றுக்கு மேற்பட்ட பிற நூல்களில் இருந்தும் கூட்டினார். நூலின் முதற்பகுதி முடிந்ததும் அறிஞர்களை அழைத்து விருந்தளித்தார் என்று அவருடைய மாணவரான வரலாற்றாசிரியர் ஜபர்தீ எழுதுகிறார். எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மது பே அபுத்தஹப், அஸ்ஹருக்கு அருகில் தாம் கட்டிய பள்ளிவாசல் நூலகத்திற்காக ஒரு இலட்சம் வெள்ளித் திர்ஹம் கொடுத்து ஒரு பிரதி பெற்றார் என்பதும் அவர் பதிவு. ஸபீதீ 1791-இல் கொள்ளைநோயால் காலமானார்.

கி.பி. 1970-களில் குவைத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியல் பேராசிரியர் அலீ ஹில்மீ மூஸா கணினியின் துணையால் இவ்வகராதிகளின் வேர்ச்சொற்களை எண்ணினார். ஸிஹாஹில் ஏறத்தாழ 5,600, லிஸானில் 9,273, தாஜில் 11,978. எட்டு நூற்றாண்டு உழைப்பு வேர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியிருந்தது.

குவியலும் வளர்ச்சியும்

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. எண்ணிக்கை கூடியதெல்லாம் வளர்ச்சிதானா?

சொல்லுக்குச் சான்றாக நகரத்தாரின் பேச்சை ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும், நாட்டுப்புற அரபிகளின் பேச்சை நான்காம் நூற்றாண்டு வரையும் மட்டுமே ஏற்பது என்று மொழியறிஞர்கள் எல்லை வகுத்தனர். மறை மொழியைக் காக்கும் நோக்கில் அந்த எல்லை நியாயமானதே. அதற்கு ஒரு விலையும் இருந்தது. அஸ்ஹரீக்கும் ஜவ்ஹரீக்கும் பின்வந்தோர் பெரும்பாலும் காதால் கேட்டுச் சேர்க்கவில்லை. ஏட்டிலிருந்து ஏட்டிற்கு மாற்றினர். தாஜில் கூடியவற்றில் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் பெரும் பங்கு வகிக்கின்றன. ஏட்டுப் பிழைகளும் ஏட்டோடு பயணம் செய்தன. 19-ஆம் நூற்றாண்டில் அஹ்மது ஃபாரிஸ் ஷித்யாக், காமூஸின் குறைகளை ஆராய 'ஜாஸூஸ்' என்று ஒரு முழு நூலே எழுத வேண்டியதாயிற்று.

அதே வேளையில், பக்தாதின் மருத்துவர்களும், கெய்ரோவின் வணிகர்களும், அந்தலூஸின் தோட்டக்காரர்களும் நாள்தோறும் வழங்கிய ஆயிரமாயிரம் சொற்கள் பிற்காலத்தவை என்ற காரணத்தால் வாயிலிலேயே நிறுத்தப்பட்டன. அவற்றைத் தேடித் தொகுத்தவர் யார்? ஹாலந்து நாட்டு அறிஞர் டோஸி. அரபு அகராதிகளுக்கான அவரது துணைத்தொகுப்பு 1881-இல் லெய்டனில் வெளிவந்தது. தாஜையே அடிப்படையாகக் கொண்டு எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேயர் 1842-இல் கெய்ரோவில் தொடங்கிய அரபு-ஆங்கில அகராதியும், அவர் 1876-இல் காஃப் எழுத்தை எட்டிய நிலையில் மறைந்தபின் உறவினர் ஒருவரால் 1893 வரை வெளியிடப்பட்டது. நாம் வாயில் சாத்திய இடத்தில் பிறர் களஞ்சியம் கட்டினர்.

அரபுலகம் இதனைப் பின்னர் உணர்ந்தது. 1932-இல் நிறுவப்பெற்ற கெய்ரோ மொழிக்கழகம் 1960-இல் வெளியிட்ட 'அல்முஃஜமுல் வஸீத்' புதுச்சொற்களுக்கும் இடம் தந்தது. ஒவ்வொரு சொல்லும் எந்நூற்றாண்டில் எப்பொருளில் வழங்கிற்று என்று காட்டும் வரலாற்று அகராதிப் பணி தோஹாவில் 2013-இல் தொடங்கிற்று. ஷார்ஜாவின் ஆதரவில் உருவான மற்றொன்று 127 தொகுதிகளாக 2024-இல் நிறைவுற்றது.

ஆகவே, சேர்தல் வேறு, வளர்தல் வேறு. சேர்வது வளர்ச்சியாக மாற மூன்று வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அஸ்மஈயைப்போல் உயிருள்ள வாயிலிருந்து கேட்டல், ஜவ்ஹரீயைப்போல் சலித்தெடுத்தல், இப்னு மன்ளூரைப்போல் எவரிடமிருந்து பெற்றோம் என்று சொல்லுதல். முதலாவது நின்றுபோனால் கடல் குட்டையாகும். இரண்டாவது நின்றால் நீர் கலங்கும். மூன்றாவது நின்றால் ஊற்று எதுவென்றே தெரியாது.

நம் வீட்டுச் சொற்கள்

இவ்வளவும் அரபுமொழியின் கதை. தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அரபுச் சொற்கள் தமிழகத்தை அடைந்த வழிகளுள் இரண்டு முதன்மையானவை. ஒரு வழி கடல். மற்றொரு வழி பாரசீகமும் உருதும் வழங்கிய ஆட்சிப் பணிமனை. இவ்விரண்டையும் இன்றும் நம் காதால் பிரித்தறியலாம். 'ளாத்' என்ற எழுத்தைக் கவனிப்போம். ஆட்சி வழியாக வந்த சொற்களில் அது ஜகரமாயிற்று: ஹாளிர் என்பது 'ஆஜர்', ளப்த் என்பது 'ஜப்தி', ளிலஃ என்பது 'ஜில்லா'. நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் வழங்கும் சொற்களில் அதே எழுத்து ளகரமாகவோ ழகரமாகவோ நிற்கிறது: ரமளான், பர்ளு, உளு, களா, காழி. ரமளான் என்று ஒருவரும் ரம்ஜான் என்று மற்றவரும் சொல்லும்போது, இரண்டு வரலாற்றுப் பாதைகள் நம்முன் பேசுகின்றன. கப்பலைச் செலுத்தும் 'மாலுமி'யும் கடலோடிகள் வழங்கிய 'முஅல்லிம்' என்ற சொல்லின் வழிவந்தவரே.

இவை ஒரு நாளில் ஒருவரால் புகுத்தப்பட்டவை அல்ல. நியத்து, பரக்கத்து, மவுத்து, கபுறு, ஹயாத்து, சஹன் என ஒவ்வொன்றும் தலைமுறை தலைமுறையாகத் தாய்மார் வாயில் தமிழின் ஓசைக்கு இசைந்து உருமாறியவை. அரபுச் சொல் மட்டுமன்று. குழம்பைக் குறிக்கும் 'ஆணம்' போன்ற தமிழ்ச் சொற்களையும், பிறர் பெரும்பாலும் கைவிட்ட பின்னும், நம் அடுக்களைகள் காத்து வந்துள்ளன. வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா போன்ற உறவுமுறைகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. அரபுத்தமிழ் ஏடுகளில் பதிந்தவை ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி நாவில் மட்டும் வாழ்கிறது.

நாவில் மட்டும் வாழ்வது நாவோடு போய்விடும். நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழி விரைவாக மாறி வருகிறது. பள்ளிக்கூடத் தமிழும் ஆங்கிலமும் ஒரு புறம்; இச்சொற்களைத் திருத்தப்பட வேண்டிய கொச்சை என்று கருதி, 'சரியான' அரபு உச்சரிப்பை மட்டுமே வற்புறுத்தும் போக்கு மறுபுறம். தொழுகையில் ஓதும்போது மக்ரஜ் சரியாக இருக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாட்டியின் 'உளு' என்ற சொல் பிழையன்று. பல நூற்றாண்டுகளின் சான்று. வெளியிலிருந்து ஒருவர் வந்து அதனைத் தொகுக்கும் வரை நாம் காத்திருப்பதா?

இதற்குப் பெரும் பொருளோ பெரிய நிறுவனமோ தேவையில்லை. நம் அரபுக் கல்லூரிகள் ரமளானையொட்டி விடுமுறை விடுகின்றன. ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டுடன் செல்லட்டும். தம் வீட்டு முதியவர்களிடம் அமர்ந்து இருபது சொற்களைக் கேட்டெழுதி வரட்டும். சொல், அது வந்த வாக்கியம், சொன்னவரின் ஊர், அகவை ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். திருமணம், மகப்பேறு, மையித்து, சமையல், மீன்பிடி, நெசவு என்று ஆண்டுக்கொரு துறையை எடுத்துக்கொள்ளலாம். அஸ்மஈயின் சிற்றேடுகளும் அவ்வாறு உருவானவையே. ஐம்பது மாணவர்கள் கேட்டு வந்தால் ஓராண்டில் ஆயிரம் பதிவுகள். அவற்றில் திரும்ப வருபவை பல இருக்கும். அவை வீண் அல்ல. ஒரே சொல் எத்தனை ஊர்களில் வழங்குகிறது என்பதற்கு அவையே சான்றாகும். ஆசிரியர்கள் அமர்ந்து சலித்தெடுக்கட்டும். பத்தாண்டுகளில் ஒரு தொகுதி உருவாகலாம். உருவாகாவிட்டாலும் குறிப்பேடுகள் எஞ்சும். ஸகானீயின் முற்றுப்பெறாத உபாப் பிறர் கையில் காமூஸாக மலர்ந்ததை நாம் கண்டோம்.

முடிப்பவர் நாமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கலீல் தம் நூல் பஸராவுக்கு வந்ததைப் பார்க்கவில்லை. ஜவ்ஹரீ தம் நூலின் செம்மைப்படியை முழுமையாகப் பார்க்கவில்லை. வரிசையில் நம் இடம் எதுவோ அதில் நின்று, கையில் உள்ளதை அடுத்தவரிடம் கலப்பின்றிக் கொடுப்பதே நம்மீதுள்ள பொறுப்பு. அதற்கு வல்ல அல்லாஹ் நமக்கு நல்லுதவி புரிவானாக.